சிவப்பு போகும், பழுப்பு போகாது

"டீச்சர், நீங்க தெனமும் பல்லு விளக்க மாட்டீங்களா?"

2022 ஆகஸ்ட் 1 அன்று, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். கேலி எதுவும் அவன் குரலில் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் நான் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் "நன்றாகப் பல் தேய்ப்போம், வெள்ளைப் பற்கள் பெறுவோம்" என்று எழுதி, எல்லாப் பிள்ளைகளையும் மூன்று முறை சொல்ல வைத்திருந்தேன். சொல்ல வைத்தவளின் முன்பற்களிலோ குறுக்கே பழுப்புப் பட்டைகள். பிள்ளை வேறென்ன கேட்பான்?

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேலை பார்ப்பதும் அதே வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில்தான். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் சிரித்தால் பாதிப் பேருக்குப் பல் இப்படித்தான் இருக்கும். "தண்ணி வாகு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு என்ற உப்பு கரைந்து கிணற்றிலும் போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஏறுகிறது. அது அளவை மீறினால் பல்லில் இப்படிப் பட்டை விழும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பக்கத்துப் பல போர்களில் அதைத் தாண்டித்தான் இருந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்தார்கள். குழாய் எட்டிய தெருக்களில் வளரும் பிள்ளைகளின் பல்லில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு சொந்த போர் தண்ணீரைக் குடிக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்குக் கரும்பலகையில் "வெள்ளை" என்ற சொல்லைத்தான் எழுதினேன். ஆகஸ்ட் 1 நம் நாட்டில் வாய் சுகாதார நாள். இந்தியாவில் ஈறு மருத்துவச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. பி. சங்க்வால்கரின் பிறந்த நாளை அப்படிக் கொண்டாடுகிறார்கள். உலக வாய் சுகாதார நாள் மார்ச் 20. அது எங்களுக்கு ஆண்டுத்தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் ஆகஸ்டையே எடுத்துக்கொண்டோம். ஆசிரியர்கள் மூன்று பேரும் பணம் போட்டு ஆளுக்கொரு பிரஷ்ஷும் சின்னப் பேஸ்ட்டும் வாங்கிக் கொடுத்தோம். முழக்கம், ஓவியம், கைத்தட்டல் எல்லாம் நடந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து மதிய உணவு வரிசையில் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி சாம்பார் சாதத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் வைப்பாள், முகம் சுருங்கும், தண்ணீர் குடிப்பாள். "என்ன கண்ணு, காரமா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தேன். கீழுதட்டை இழுத்துக் காட்டச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முன்பல்லுக்கு மேலும் கீழும் ஈறு உரிந்து, சதை சிவந்து, ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. பல்லிடுக்கில் செம்மண் நிறத்தில் பொடி.

"செங்கல்ல பொடி பண்ணித் துணியில தொட்டுத் தேச்சேன் டீச்சர். நீங்க குடுத்த பிரஷ்ல போவல. ஒரு வாரமாத் தேய்க்கிறேன், வெள்ளையே ஆவல."

அவள் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. முன்பற்கள் நான்கிலும் காவிப் பட்டை. நான் எழுதிப்போட்ட வாக்கியத்தை நம்பி, தன் பல்லில் இருப்பது அழுக்கு என்றும், தான் சரியாகத் தேய்க்காததுதான் குறை என்றும் முடிவு கட்டியிருக்கிறாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் பிள்ளையிடம் பேசிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். நாற்காலியைத் தாழ்த்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இது அழுக்கு இல்ல பாப்பா. இந்தப் பல்லு வெளிய வர்றதுக்கு முன்னாடியே, நீ கைக்குழந்தையா இருந்தப்ப உள்ளயே இப்படி ஆயிடுச்சு. உன் தப்பு ஒண்ணுமே இல்ல" என்றார். பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எங்களுக்கு விவரமாகச் சொன்னார். நிலைத்த பற்களின் எனாமல் தாடைக்குள்ளே உருவாவது பிறந்த சில மாதங்களில் தொடங்கிக் கிட்டத்தட்ட எட்டு வயது வரை நடக்கிறது. சிரித்தால் தெரிகிற முன்பற்களுக்கு முதல் நான்கைந்து வருடம்தான் முக்கியம். அந்தக் காலத்தில் உடம்புக்குள் ஃபுளோரைடு அதிகமாகப் போனால் எனாமல் இறுகாமல் நுண்ணிய துளைகளோடு உருவாகிறது. பல் முளைத்து வெளியே வரும்போது சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருக்கும். பழுப்பு பிறகுதான் அந்தத் துளைகளில் ஊறி ஏறுகிறது. செங்கல், சாம்பல், உமிக்கரி, எதை வைத்துத் தேய்த்தாலும் அது வராது, மிச்சமிருக்கும் எனாமல்தான் தேயும். நிறத்தைக் குறைக்கப் பல் மருத்துவத்தில் வழிகள் உண்டு. மேல்படலத்தை மிக மெல்லியதாகச் சீவுவது, வெளுக்க வைப்பது, முன்னால் ஒரு பூச்சோ மெல்லிய ஓடோ ஒட்டுவது என்று கறையின் ஆழத்தைப் பார்த்துச் செய்வார்கள். பிள்ளை வளர்ந்து அவளாக விரும்பும்போது செய்துகொள்ளட்டும், இப்போது ஈறு ஆறட்டும் என்றார்.

அதோடு என்னையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அங்கேதான் என் கதை தெரிந்தது.

எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே கடினமான பிரஷ்தான். கடைக்காரரிடம் "ஹார்டு இருக்கா?" என்று கேட்டு வாங்குவேன். முன்பற்களை மட்டும் இடம் வலமாக, ரம்பம் அறுக்கிற மாதிரி, தினமும் ஐந்து நிமிடம் தேய்ப்பேன். முப்பது வருடத்துக்குப் பக்கமாக அப்படித் தேய்த்ததில் ஈறு மேலேறி, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கோடாலியால் கொத்திய மாதிரி குழி விழுந்திருக்கிறது. பானைத் தண்ணீர் பட்டாலே கூசுவதற்கு அதுதான் காரணம். கடைவாய்ப் பல்லின் உட்பக்கம், அதாவது நாக்குப் பக்கம், கல் மாதிரி காரை கட்டிக் கிடந்தது. அங்கே பிரஷ் போனதே இல்லை. எப்போதாவது போனால் ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடுவேன். ஈறில் ரத்தம் வருவது அங்கே அழுக்குத் தங்கி வீங்கியிருப்பதற்கான அடையாளம் என்றும், அந்த இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷால் கூடுதல் கவனமாகத் துலக்க வேண்டும் என்றும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை வருடமாக நான் நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யார் கண்ணுக்கும் தெரியாத பின்பக்கத்தில் பல் ஆடத் தொடங்கியிருந்தது.

காரையை எடுத்தார்கள். "பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட ஆரம்பிச்சிடும்" என்று ஊரில் சொல்லும் பயம் எனக்கும் இருந்தது. முதல் சில நாள் பல்லிடுக்கு காலியாக, நாக்குக்குப் புதிதாகத்தான் இருந்தது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதால் வந்த வெறுமை அது. சாஃப்ட் பிரஷ்ஷுக்கு மாறி, சொல்லிக் கொடுத்தபடி துலக்கியதில் இரண்டு வாரத்தில் ரத்தம் வருவது நின்றது.

அவர் கற்றுக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். பிரஷ்ஷைப் பல்லின் மேல் நேராக வைக்காமல், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக, இழைகளின் நுனி ஈறின் ஓரத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு மூன்று பல்லாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தொடங்க வேண்டிய இடம் கீழ்க் கடைவாயின் உட்பக்கம். எல்லாரும் விட்டுவிடுகிற இடம் அதுதான், கை சோர்வதற்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் முப்பது வரை நிதானமாக எண்ணினால் இரண்டு நிமிடம் ஆகிவிடும். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும். இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நம் வீடுகளில் கொப்பளிப்பதுதானே பல் விளக்குவதில் பாதி! ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இழை விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் ஆகிவிட்டாலோ பிரஷ்ஷை மாற்ற வேண்டும்.

இரவில் துலக்குவது இன்னும் முக்கியம் என்றார். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடுவதால், பல்லில் ஒட்டியிருக்கும் மாவையும் சர்க்கரையையும் கழுவிவிட வாயில் ஈரம் இருக்காது. காலையில் விளக்காமல் காபி குடிக்காத நாம், ராத்திரி சாப்பிட்ட வாயோடு படுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் பிரஷ் கொல்லைப்புறத் தொட்டியடியில் இருந்தது. ராத்திரி இருட்டில் யார் போவார்கள்? அதை எடுத்துச் சமையலறைக் கழுவுதொட்டிப் பக்கத்தில் வைத்தேன். தட்டைக் கழுவி வைக்கிற கையோடு பிரஷ்ஷை எடுப்பது என்று ஆனது. என் வீட்டுக்காரரும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும், பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் கேட்பதும் இதைத்தான். தண்ணீரில் ஃபுளோரைடு இருந்துதான் பல் கெட்டது, பேஸ்ட்டிலும் அதுதானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் பல்லின் மேல் படுவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. மேலே படும்போது எனாமலை உறுதியாக்கிச் சொத்தையைத் தடுக்கிறது. சின்ன வயதில் விழுங்கினால்தான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கெடுக்கிறது. அதனால் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, துப்பத் தெரிகிற வரை பெரியவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருட்டி வைப்பது மாதிரி வைக்கவே கூடாது. இனிப்புச் சுவை பிடித்துப் பேஸ்ட்டை நக்குகிற பிள்ளைகள் உண்டு, டியூபை எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் மாதிரித் தண்ணீர் உள்ள ஊரில் கைக்குழந்தைக்கு எந்தப் பேஸ்ட், எப்போதிலிருந்து என்பதைப் பல் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்றும் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும்.

2023 ஆகஸ்ட் 1-க்கு அந்த மருத்துவரையே பள்ளிக்கு அழைத்தோம். கரும்பலகையில் இம்முறை எதுவும் எழுதவில்லை. அவர் ஒரு பாட்டிலில் சிவப்புத் திரவம் கொண்டுவந்தார். பல்லில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சாயம் அது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்குச் சில சொட்டு விட்டுக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். கையில் கண்ணாடியைக் கொடுத்தோம். ஒரே கூச்சல். வெள்ளை வெளேரென்று பல் இருந்த பிள்ளைகளுக்கும் ஈறோரம் முழுக்கச் சிவப்புக் கோடு, கடைவாயில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"இப்ப தேய்ங்க. சிவப்பு போற வரைக்கும். மெதுவா."

ஈறோரம், இடுக்கு, உட்பக்கம் என்று சிவப்பு இருக்கும் இடத்தைத் தேடித் தேடித் துலக்கினார்கள். எங்கே தேய்க்க வேண்டும் என்று நான் பத்து நாள் பாடம் நடத்தினாலும் புரியாதது, அந்தக் கால் மணி நேரத்தில் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. செங்கல்பொடிப் பிள்ளை அப்போது ஐந்தாம் வகுப்பு. துலக்கி முடித்துவிட்டுக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஈறோரச் சிவப்பு முழுக்கப் போயிருந்தது. பழுப்புப் பட்டை அப்படியே இருந்தது. குழி விழுந்த ஓரிரு இடத்தில் சாயம் கொஞ்சம் தங்கும் என்று மருத்துவர் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவள் பக்கத்தில் இருந்தவளிடம், "சிவப்பு போயிரும், பழுப்பு போவாது. சிவப்புதான் அழுக்கு" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

சாயம் வீட்டில் இருக்காது. அதற்கு மருத்துவர் சொன்ன எளிய வழி, பல்லின் அடியோரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்ப்பது. மாவு மாதிரி ஏதாவது நகத்தில் வந்தால் இன்னும் துலக்க வேண்டும். நாக்கால் தடவினால் வழுவழுவென்று இருக்க வேண்டும், சொரசொரப்பு இருக்கக் கூடாது. நிறத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் வெளிவந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஏழு வயதுப் பையன் ஒருவனிடம் நின்றார். பால் பற்களுக்கெல்லாம் பின்னால் கடைசியாக இருந்த பெரிய பல்லில் ஆழமான ஓட்டை. அவன் பாட்டி, "பால் பல்லுதானுங்களே, விழுந்து மொளைச்சிரும்" என்றார். அது பால் பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் மேலும் கீழும் நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கின்றன. எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது, போனால் மறுபடி முளைக்காது. மேல்பக்கம் பள்ளம் பள்ளமாக இருப்பதால் சொத்தை அதில்தான் சீக்கிரம் விழும். முளைத்த புதிதிலேயே அந்தப் பள்ளங்களை அடைத்துப் பூசிவிடும் சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டில் ஆறு ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். பால் பல் மொத்தம் இருபதுதான், மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் பக்கத்துக்கு ஐந்து. முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் ஆறாவதாக நிற்பது நிலைத்த பல்.

அந்த வயதில் பிள்ளை தானே துலக்குகிறேன் என்று சொன்னாலும், ராத்திரி ஒரு வேளையாவது பெரியவர்கள் துலக்கிவிட வேண்டும். பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி, நாம் பின்னால் நின்று, தலையை நம் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் மேல் வரிசை நன்றாகத் தெரியும். ஏழு எட்டு வயது வரை கை அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யாது.

முதல் வருடம் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு பிரஷ் கொடுத்தோம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிரஷ் என்று கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் நாங்கள் கொடுத்த ஒன்றையே மூவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்போது பிள்ளைகளின் தம்பி தங்கைகளையும் எண்ணித்தான் வாங்குகிறோம், பெயரை அழியாத மையில் எழுதித் தருகிறோம். பேஸ்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓர் அரிசியையும் ஒரு பட்டாணியையும் அட்டையில் ஒட்டிக் காட்டுகிறோம்.

பிறந்தநாள் மிட்டாயை மதிய உணவோடு சேர்த்துக் கொடுப்பது என்றும் மாற்றிக்கொண்டோம். காலை பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று வாயில் ஊறிக்கொண்டே இருப்பதைவிட ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது.

இப்போது ஆகஸ்ட் 1 என்றால் நான் முதலில் கூப்பிடுவது எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களை இல்லை, பக்கத்து அங்கன்வாடிக்கு வருகிற கைக்குழந்தைக்காரிகளைத்தான். பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளையின் முன்பல் நிறம் முடிந்துபோன விஷயம். மடியில் இருக்கிற குழந்தைக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறது. குடிக்கவும், கஞ்சி காய்ச்சவும், பால்பவுடர் கரைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல்பொடிப் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு தம்பி. அந்த 2023 கூட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் மாலை அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர்க்குழாய்க்கும் அவர்கள் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். அவள் இடுப்பில் சின்னக் குடம் ஒன்றோடு வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தாள். திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "இது பாப்பாவுக்கு மட்டும் டீச்சர்" என்றாள். மற்றக் குடங்களோடு கலந்துவிடாமல் இருக்க, அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.